பிரிக்காத பொட்டலம்

முத்தையாபுரம்
12.6.2024

அன்புள்ள தம்பி பாண்டிக்கு,

அக்கா எழுதுகிறேன். வீட்டில் எல்லோருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. உனக்கு அங்கே சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா, தூக்கம் வருகிறதா, இருமல் நின்றதா என்று தெரியவில்லை. போலீஸ் ஜீப்பில் ஏற்றும்போது நீ இருமிக்கொண்டே இருந்தாய். அதுதான் கண்ணில் நிற்கிறது.

சிறையிலிருந்து நீ பேசுவதற்கு உன் அத்தான் நம்பரைத்தான் பதிந்திருக்கிறார்கள். நீ கூப்பிட்டால் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நிற்கிறார். நேரில் வருகிறேன் என்றால், "பாளையங்கோட்டை ஜெயில் வாசல்ல பொம்பளைக்கு என்னளா சோலி? நான் பாத்துக்கிடுதேன்" என்கிறார். அதனால்தான் கடிதம். பதிலை வீட்டுக்குப் போடாதே. கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஜெஸ்மி விலாசத்துக்குப் போடு. என்னோடு கல்லூரியில் படித்தவள், உனக்கும் தெரியும்.

அத்தானின் கம்பெனி நடக்கிறது. லைசென்ஸை ரத்து செய்யவில்லை. கன்டெய்னர்களுக்குப் புகை மருந்து விட உன் இடத்தில் வேறு ஆள் போட்டிருக்கிறார்.

போன வாரம், கன்டெய்னருக்குள் விழுந்து செத்த பேச்சிராஜாவின் மனைவி முத்துமாரி ஆத்தூரிலிருந்து சொந்தக்காரர்களோடு வந்தாள். வாசலில் நின்று, "எம் புருசன விஷக் காத்துக்குள்ள அனுப்புன பாண்டியராஜன் வெளங்குவானா?" என்று மண்ணை வாரித் தூற்றினாள். அத்தான் உள்ளே டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தார். நான் ஜன்னலோரம் நின்றேன். மண் கொஞ்சம் கொடியில் கிடந்த செல்வியின் யூனிபார்மில் விழுந்தது. மறுபடி துவைத்துப் போட்டேன்.

செல்வியிடம் மாமா கொச்சிக்கு வேலைக்குப் போயிருக்கிறார் என்று சொல்லியிருக்கிறேன். அவள் நம்பவில்லை. நம்பியதுபோல இருக்கிறாள்.

பேச்சிராஜா செத்த அன்று மத்தியானம் நான் தூக்குச்சட்டியோடு யார்டுக்குள் வந்து நின்றேனே, உனக்கு நினைவிருக்கிறதா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா
இந்துமதி


பாளையங்கோட்டை
24.6.2024

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் நன்றாக இருக்கிறேன். இருமல் குறைந்துவிட்டது. அத்தான், செல்வி, அம்மா எல்லோரையும் கேட்டதாகச் சொல். அம்மாவுக்குக் கால் வீக்கம் எப்படி இருக்கிறது?

இங்கே வருகிற கடிதத்தையும் போகிற கடிதத்தையும் படித்துத்தான் முத்திரை குத்துகிறார்கள். அதை மனதில் வைத்துக்கொண்டு எழுது.

என்னோடு அறையில் ரோச் என்று ஒருவர் இருக்கிறார். தருவைகுளத்துக்காரர். இலங்கைக்குப் பீடி இலை கடத்திய படகில் பிடிபட்டவர். வந்த அன்று, "ஏலே, நீ என்ன கேஸு?" என்றார். கன்டெய்னருக்கு மருந்துப் புகை விடுகிறவன் என்றேன். "அப்போ ராத்திரி இங்கன மூட்டைப்பூச்சிக்கு நீதாம்ல பொறுப்பு" என்றார். அந்த ஒரு நாள்தான் வந்ததிலிருந்து சிரித்தேன்.

நீ கேட்டதற்குப் பதில். அன்று நீ யார்டுக்குள் வரவில்லை. சாப்பாட்டை வாசலில் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாய். எனக்கு அப்படித்தான் நினைவு. உனக்கும் அப்படியே இருக்கட்டும்.

ஒரு மாதத்தில் ஜாமீன் எடுத்துவிடுவதாக அத்தான் சொல்லியிருக்கிறார். நான் அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அவர் வெளியே இருந்தால்தான் உங்கள் வீட்டில் அடுப்பு எரியும். கவலைப்படாதே.

அன்புடன்
பாண்டி


முத்தையாபுரம்
18.7.2024

அன்புள்ள பாண்டிக்கு,

உன் கடிதத்தைப் பார்த்த பிறகுதான் அம்மா ஒழுங்காகச் சாப்பிட்டாள். கால் வீக்கம் அப்படியேதான் இருக்கிறது. சாயர்புரத்திலிருந்து இங்கே வந்து இருக்கச் சொன்னால், மருமகன் வீட்டில் எத்தனை நாள் இருப்பது என்கிறாள். செல்விக்கு ஒரு பல் விழுந்து முளைக்கிறது.

அத்தான் சொன்ன ஒரு மாதமும் முடியப் போகிறது. ஜாமீன் பற்றிக் கேட்டேன். "வக்கீல் நேரம் பாத்துக்கிட்டிருக்காரு. ஒனக்கு ஒரு எழவும் தெரியாது, சும்மா கெட" என்றார். அவர் சொல்வதும் சரிதான். எனக்கு ஒன்றும் தெரியாது. பி.காம். சேர்த்தது அப்பா. உன் அத்தானைப் பார்த்து முடித்தது பெரியப்பா. இந்த வீட்டுக் கேட்டுக்கு என்ன பெயின்ட் அடிக்கலாம் என்று அவர் ஒரு தடவை என்னைக் கேட்டார். நீலமா பச்சையா என்று ஒரு வாரம் யோசித்தேன். அதற்குள் அவர் பழுப்பு அடித்துவிட்டார்.

இப்போது யாரும் என்னைக் கேட்கவில்லை. ஆனால் இதை நான்தான் முடிவு செய்ய வேண்டும், வேறு ஆள் இல்லை என்று தெரிகிறது. வாட்ச்மேன் அந்த நேரம் லாரிக்குக் கேட் திறக்கப் போயிருந்தான். பேச்சிராஜா இல்லை. மிச்சம் நாம் மூன்று பேர்.

நான் வாயைத் திறந்தால் அத்தான் உள்ளே போவார், லைசென்ஸ் போகும், செல்விக்கு அப்பா இல்லாமல் போகும். திறக்காவிட்டால் நீ. ஒரு நாள் இந்தப் பக்கம், ஒரு நாள் அந்தப் பக்கம் என்று போய் வருகிறேன். சோறு இரண்டு தடவை அடிப்பிடித்துவிட்டது.

நீயே சொல்லிவிடு. நீ சொல்வதைச் செய்கிறேன்.

அக்கா
இந்துமதி


பாளையங்கோட்டை
6.8.2024

அன்புள்ள அக்கா,

எல்லோரும் சுகம் என்று அறிந்தேன். நானும் அப்படியே. பேனா சரியில்லை, வரி கோணலாகப் போகிறது. பொறுத்துக்கொள்.

பனிமய மாதா கோயில் தேரை ரோச் அண்ணாச்சி நேற்று இங்கிருந்தே நடத்தினார். "இந்நேரம் தேர் இழுக்கக் கயிறு எடுத்திருப்பானுவ, இந்நேரம் எம் பொண்டாட்டி எனக்காக அழுதிருப்பா, இந்நேரம் கண்ணத் தொடச்சுட்டு அல்வா வாங்கியிருப்பா" என்று.

நீயே சொல் என்கிறாய். நான் சொல்லி நீ செய்தால் அது என் முடிவு, உன்னுடையது இல்லை. நாளைக்கு ஏதாவது தப்பாகப் போனால் நீ என்னைத்தான் நோவாய். நோவதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அதற்குப் பிறகு என்னோடு பேச மாட்டாய்.

நம் வேலையில் ஒரு வசதி உண்டு அக்கா. நாம் விடுகிற வாயுவுக்கு வாசனை கிடையாது. மூக்கை நம்பிக் கன்டெய்னர் கதவைத் திறக்க முடியாது. குழாயை உள்ளே விட்டு மீட்டரைப் பார்க்க வேண்டும். எண் இறங்கியிருந்தால் திற, இறங்காவிட்டால் கதவில் ஒட்டிய மண்டையோட்டு எச்சரிக்கை ஸ்டிக்கரைக் கிழிக்காதே. அவ்வளவுதான். நம் வாழ்க்கைக்கு அப்படி ஒரு மீட்டர் எனக்குத் தெரியவில்லை. உன்னிடம் கேட்டால் ஒன்று சொல்வேன்: செல்வி முகத்தைப் பார். அதற்கு மேல் யோசிக்காதே.

இந்தப் பேச்சு இத்துடன் போதும். அடுத்த கடிதத்தில் பிள்ளையின் படிப்பைப் பற்றி எழுது.

பாண்டி


முத்தையாபுரம்
14.8.2024

அன்புள்ள பாண்டி,

செல்வி காலாண்டுப் பரீட்சைக்குப் படிக்கிறாள். மற்றபடி சுகம். உனக்குப் புதுப் பேனா வாங்கி உள்ளே கொடுக்கச் சொல்லி அத்தானிடம் கொடுத்தேன். கொடுத்தாரா?

நேற்று ஆடிச் செவ்வாய். அம்மாவும் நானும் செம்மணல் தேரிக்காட்டில் நம் பேச்சியம்மன் கோயிலுக்குப் போனோம். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டு வெகுநேரம் தன் காலையே தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, "நம்மளால இத அறுக்க முடியாதுளா. அவகிட்ட பூக் கட்டிக் கேட்டுருவோம்" என்றாள்.

சிவப்பு அரளி வந்தால் சொல்லிவிடுவது. வெள்ளைப் பிச்சி வந்தால் வாயைக் கட்டிக்கொள்வது. அம்மாவே கோயிலுக்குப் பின்னால் போய் இரண்டு வாழையிலைத் துண்டுகளில் பூவைத் தனித்தனியாக வைத்து, மேலே பேப்பர் சுற்றி, நூல் கட்டி இரண்டு பொட்டலமாகக் கொண்டுவந்தாள். பொங்கல் வைக்க வந்த ஒருத்தியின் மகளைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னோம். அந்தப் பிள்ளை யோசிக்காமல் ஒன்றை எடுத்தது. அம்மா பிரித்தாள். பிச்சி.

"தாயி சொல்லிட்டா" என்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ஒன்று சொல்ல வேண்டும். பேப்பர் பிரியும்போது என் கண் சிவப்பைத்தான் தேடியது. வெள்ளையைப் பார்த்த பிறகும் இலைக்குள் சிவப்பைத் தேடினேன். அப்படியானால் எனக்கு வேண்டியது எது என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. தெரிந்தும் திருநீறு பூசிக்கொண்டு பஸ் ஏறினேன். கேட்டுவிட்டு மீறக் கூடாது என்று பயம்.

மற்றப் பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, தண்ணீரில் போட வேண்டும். அம்மா கையை நீட்டினாள். நான் கடலில் போடுகிறேன் என்று பையில் வைத்துக்கொண்டேன். இன்னும் போடவில்லை.

சாமி சொன்னபடி இருக்கிறேன். என்மேல் கோபமா என்று எழுது.

இந்துமதி


பாளையங்கோட்டை
30.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். சமையல் கட்டில் காய் நறுக்கும்போது விரலை வெட்டிக்கொண்டேன். அதனால் நான் சொல்லச் சொல்ல ரோச் அண்ணாச்சி எழுதுகிறார். எழுத்து வேறாக இருக்கிறதே என்று பயப்படாதே.

கோபம் ஒன்றும் இல்லை. சாமி சொன்னது நல்லதுதான். நானும் அதைத்தான் சொன்னேன்.

பேனா வந்தது. நல்ல பேனா.

அம்மாவை உப்பைக் குறைக்கச் சொல். எண்ணெய் தடவினால் வீக்கம் வடியாது.

பாண்டி


முத்தையாபுரம்
20.10.2024

அன்புள்ள பாண்டி,

விரல் ஆறிவிட்டதா? எந்த விரல்? எந்தக் கை? நீ இடது கையில் காய் பிடித்து வலது கையில் நறுக்குகிறவன். வெட்டுப்பட்டால் இடது கையில் அல்லவா படும்? எழுதுவதற்கு என்ன தடை?

ஜெஸ்மி கடைக்கு உன் கடிதம் வாங்கப் போயிருந்தேன். கடையில் வக்கீல் குமாஸ்தாக்கள் மனு டைப் அடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் என்னை உள்ளே கூட்டிப்போய் ஸ்டூலில் உட்கார வைத்தாள்.

"ஏளா இந்து, ஒன் தம்பி கேஸ பாஸ்கல் வக்கீல விட்டுப் பாக்கச் சொன்னேன். நீ கேக்கல, நானாத்தான் சொன்னேன். வையணும்னா வையி."

"என்னன்னு சொல்லு."

"அவன் பேர்ல ஜாமீன் மனுவே ஒண்ணும் போடலளா. கேட்டுக் கெடைக்காமப் போவல. கேக்கவே இல்ல."

அவள் எனக்கு டீ சொன்னாள். டீ ஆறிப்போனது.

ராத்திரி சாப்பாடு வைத்தபடி அவரிடம் கேட்டேன். கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. "வெளிய வந்தா நாலு பேரு நாலு கேள்வி கேப்பான். அவன் வாய் ஒளறும். உள்ள இருந்தா பத்திரம்லா" என்றார். பிறகு ரசம் கேட்டார். ஊற்றினேன்.

பாண்டி, நான் ஊற்றினேன். அதை நினைத்தால்தான் எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

உண்மையைச் சொல். உனக்கு உடம்புக்கு என்ன?

இந்துமதி


பாளையங்கோட்டை
28.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு ஒன்றுமில்லை. மழைக்குச் சளி. ஜாமீன் விஷயம் எனக்கு ஏற்கெனவே தெரியும். நான்தான் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அத்தானிடம் சண்டை போடாதே. பூக் கட்டிக் கேட்ட பிறகு மறுபடி அதைக் கிளறக் கூடாது. அம்மா வருத்தப்படுவாள். செல்விக்கு ஸ்வெட்டர் இருக்கிறதா?

பாண்டி

தங்கச்சிக்கு, ரோச் எழுதுவது. மேலே உள்ளது அவன் சொல்ல நான் எழுதியது. இனி எழுதுவது அவனுக்குத் தெரியாது. அவன் இதைப் படித்துப் பார்க்க மாட்டான். எழுத்து இரண்டு இரண்டாகத் தெரிகிறதாம்.

விரல் வெட்டுப்படவில்லை. சமையல் கட்டுக்கு அவனை விடுவதே இல்லை. கை நடுங்குகிறது. தட்டைத் தூக்கினால் சாம்பார் சட்டையில் கொட்டுகிறது. நடக்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்கிறான். இங்கே டாக்டர் பார்த்துவிட்டு, விஷ வாயு நரம்பில் இறங்கியிருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். இரண்டு முறை கூட்டிப்போய்க் கொண்டுவந்தார்கள். வெளியே இருந்து முறையாகப் பார்த்தால் குணம் கிடைக்கலாம் என்றார்களாம். இவன் யாரிடமும் சொல்லாதே என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். பிடித்த கையும் நடுங்குகிறது.

"கன்டெய்னருக்குள்ள எதுக்குல முகமூடி இல்லாமப் போன?" என்று கேட்டேன். "பேச்சிராஜா அண்ணன் விழுந்து கெடந்தாவ. முகமூடிய மாட்டிக்கிட்டு நிக்கவா முடியும்?" என்றான்.

நான் பெரிய யோக்கியன் இல்லை. ஆனாலும் இதை மறைத்தால் எனக்குத் தூக்கம் வராது. கர்த்தர் உங்களைக் காக்கட்டும்.

ரோச்


முத்தையாபுரம்
9.12.2024

பாண்டி,

சுகம் விசாரித்துத் தொடங்க மனம் வரவில்லை. ரோச் அண்ணாச்சியைக் கோபித்துக்கொள்ளாதே. அவர் எழுதியதைப் படித்துவிட்டு ஜெஸ்மி கடையிலேயே பையைத் திறந்தேன். அந்தப் பொட்டலம் அடியில் கிடந்தது. நூலை அவிழ்க்க முடியாமல் அவளுடைய கத்திரிக்கோலால் வெட்டினேன். இலை சருகாகியிருந்தது. உள்ளே பூ பழுப்பேறியிருந்தாலும் அடையாளம் தெரிந்தது. நீளக் காம்பு, மெல்லிய இதழ். அரளி இல்லை. பிச்சி.

அன்றே சாயர்புரம் போனேன். அம்மா முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சருகை முறத்தில் போட்டேன். பார்த்ததும் புரிந்துகொண்டாள்.

"ரெண்டும் பிச்சியாம்மா?"

"ஆமா."

"சாமிகிட்டயே கள்ளத்தனம் பண்ணுனியா?"

"அவளுக்குத் தெரியும்ளா. அவளும் பெத்தவதான்." கீரையை விடாமல் ஆய்ந்தாள். "அவன் ஆம்பள, கெடந்துட்டு வந்துருவான். நீ ஒரு பொம்பளப் பிள்ளையக் கையில பிடிச்சுக்கிட்டு வந்து நின்னா, நான் எங்கன வச்சுக் காப்பாத்த? ரெண்டுல ஒண்ணுன்னா நான் எத எடுக்க? நீயே சொல்லு. சொல்லுளா."

நீ நடக்கும்போது சுவரைப் பிடிக்கிறாய் என்று மட்டும் சொன்னேன். முறம் மடியிலிருந்து சரிந்துவிட்டது. அவளைத் தேற்றிவிட்டு வரவில்லை. அதுவும் மனதில் இருக்கிறது.

ஆடி மாதத்தில் எனக்குத் தெரிந்ததைச் செய்திருந்தால் உனக்கு நான்கு மாத வைத்தியம் கிடைத்திருக்கும். அம்மா இரண்டு பூவைத்தான் கட்டினாள். பஸ் ஏறினது நான்.

இதைப் படித்து முத்திரை குத்துகிறவர்கள் படிக்கட்டும். நடந்தது இது. முந்திரிக் கொட்டைக் கன்டெய்னர். மீட்டரில் எண் இறங்கவில்லை, கதவைத் திறக்க மாட்டேன் என்று நீ சொன்னாய். "சரக்குப் பார்ட்டி கத்துதான்ல, நீ என்ன எனக்குச் சட்டம் பேசுத?" என்று உன் அத்தான் மாரிராஜ் ஸ்டிக்கரைக் கிழித்தார். கதவைத் திறந்தார். "பேச்சி, ஏறு" என்று சொன்னது அவர். நீ மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு கத்தினாய். பேச்சிராஜா உள்ளே விழுந்ததும் நீ ஓடினாய். அவர் ஓடவில்லை. நான் தூக்குச்சட்டியோடு எடை மேடைப் பக்கம் நின்றேன்.

இதை நீதிமன்றத்தில் சொல்லப் போகிறேன். வியாழக்கிழமை பாஸ்கல் வக்கீலைப் பார்க்கிறேன். யாரையும் கேட்கவில்லை. உன்னையும் கேட்கவில்லை, தெரிவிக்கிறேன். எழுதும்போது பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போவது நின்றுவிட்டது.

அக்கா
இந்துமதி


பாளையங்கோட்டை
10.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். இதையும் ரோச் அண்ணாச்சிதான் எழுதுகிறார்.

அவர் உனக்கு என் உடம்பைப் பற்றி எழுதியதை நேற்று ராத்திரி என்னிடம் சொன்னார். உன்னை எனக்குத் தெரியும். கேட்டுவிட்டுச் சும்மா இருக்க மாட்டாய். நேராகக் கோர்ட்டுக்குப் போவாய். போனால் திரும்ப அந்த வீட்டுக்குள் போக முடியாது. அத்தானைப் பற்றியும் எனக்குத் தெரியும்.

அதனால் நான் முந்திக்கொண்டேன். இன்று கோர்ட்டில் குற்றச்சாட்டைப் படித்துக் காட்டி ஒத்துக்கொள்கிறாயா என்று கேட்டார்கள். ஒத்துக்கொண்டேன். நீதிபதி மூன்று முறை கேட்டார். யாராவது மிரட்டினார்களா என்றும் கேட்டார். இல்லை என்றேன். அது பொய் இல்லை. யாரும் மிரட்டவில்லை.

கை இப்படி ஆனவன் வெளியே வந்து என்ன வேலை செய்யப் போகிறேன்? உனக்குப் பிள்ளை இருக்கிறது, வீடு இருக்கிறது. நான் நன்றாக யோசித்துச் செய்ததுதான். வாழ்க்கையில் இவ்வளவு தெளிவாக எதையும் செய்ததில்லை. இனி நீ எதையும் முடிவு செய்ய வேண்டியதில்லை. நிம்மதியாகத் தூங்கு.

தம்பி
பாண்டி


தூத்துக்குடி
17.1.2025

அன்புள்ள பாண்டி,

உன் கடிதமும் என் கடிதமும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. நீ கோர்ட்டில் தலையாட்டிக்கொண்டிருந்த நேரத்தில் நான் எழுதியது பாளையங்கோட்டைக்கு வந்துகொண்டிருந்தது.

உடம்பு எப்படி இருக்கிறது என்று உன்னைக் கேட்கப் போவதில்லை. ரோச் அண்ணாச்சி தனியாக எழுதட்டும்.

உனக்கு ஐந்து வருடம் என்று தீர்ப்பு வந்த அன்று நான் கோர்ட்டில்தான் இருந்தேன். நீ என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தாலும் என்னை இரண்டாகப் பார்த்திருப்பாய்.

வீட்டில் அவரிடம் சொல்லிவிட்டேன், நான் பார்த்ததைச் சொல்லப் போகிறேன் என்று. சிரித்தார். "ஒன் தம்பியே நாந்தான்னு சொல்லிட்டான். இனி நீ போய் என்ன சொன்னாலும், புருசன் மேல உள்ள கோவத்துல பேசுதாள்னுதான் எழுதுவானுவ. போ, போய்ச் சொல்லு. போறவ பிள்ளைய விட்டுட்டுப் போ." பிள்ளையை அப்படியே விட்டுவிட்டு வந்தேன். ஜெஸ்மி வீட்டு மாடியில் இருக்கிறேன். சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் செல்வியைப் பார்க்கிறேன். அவள் கம்பெனி டிரைவர் வண்டியில் ஏறிவிட்டுக் கண்ணாடி வழியாகப் பார்ப்பாள். கையாட்டினால் அப்பா திட்டுவார் என்று கையாட்டுவதில்லை.

ஆத்தூருக்கும் போனேன். முத்துமாரி வெற்றிலைக் கொடிக்காலில் வேலைக்குப் போய்விட்டு வந்து உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

"நீங்க பாத்தியளா?"

"பாத்தேன்."

"அன்னைக்கேயா?"

"அன்னைக்கே."

"நான் ஒங்க வாசல்ல மண்ண வாரி எறியும்போது?"

"ஜன்னல்கிட்டதான் நின்னேன்."

அவள் என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். "எடுக்கப் போன பையன் மேலயாம்மா மண்ணத் தூத்துனேன்? அத எப்பிடித் திருப்பி எடுக்க?" என்று கேட்டாள். திரும்பத் திரும்ப அதையே கேட்டாள். உன்னிடம் சொல்லச் சொன்னாள், சொல்லிவிட்டேன்.

இப்போது கவனமாகக் கேள். நீ தெளிவாக முடிவு எடுத்ததாக எழுதியிருக்கிறாய். எனக்கு வீடு இருக்கிறது, பிள்ளை இருக்கிறது என்று நினைத்து எடுத்தாய். நீ எழுதிய அன்றே அந்த இரண்டும் என்னிடம் இல்லாமல் போகத் தொடங்கிவிட்டன. என்னைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அம்மா என்னைக் கேட்காமல் பூக் கட்டினாள். நீ என்னைக் கேட்காமல் தலையாட்டினாய். இரண்டும் பாசம்தான். இரண்டிலும் நான் இல்லை.

மதுரை ஹைகோர்ட்டில் மேல்முறையீடு செய்யலாம் என்கிறார் பாஸ்கல் வக்கீல். என் வாக்குமூலம் மட்டும் நிற்காதாம். நீ ஒத்துக்கொண்டது உண்மை இல்லை என்று நீயே சொல்ல வேண்டும். வக்காலத்துத் தாளைச் சிறை அதிகாரி வழியாக அனுப்பியிருக்கிறார். கையெழுத்துப் போட முடியாவிட்டால் பெருவிரல் ரேகை போதும். உன்னைக் கெஞ்ச மாட்டேன். செல்வியின் பெயரைச் சொல்லியும் கேட்க மாட்டேன். நான் என்ன செய்யப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். நீ என்ன செய்யப் போகிறாய் என்று நீ சொல்.

காத்திருக்கிறேன்.

இந்துமதி


பாளையங்கோட்டை
2.2.2025

தங்கச்சி இந்துமதிக்கு,

ரோச் எழுதுவது. இந்தத் தடவை அவன் சொல்லி நான் எழுதவில்லை. நீயே எழுதிவிடு அண்ணாச்சி என்றுவிட்டான். பேச்சு குழறுகிறது. போன வாரத்திலிருந்து சிறை ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் இருக்கிறான். கூடமாட இருக்க என்னை விடுகிறார்கள்.

உங்கள் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டான்.

"அக்கா வீட்ட விட்டு வந்துட்டாளா?"

"வந்துட்டால்லா, எழுதியிருக்காள்லா."

"செல்வி?"

"பிள்ள அங்கனதான்."

"அப்போ நான் எதுக்கு அண்ணாச்சி ஒத்துக்கிட்டேன்?" என்றான். நான் அவன் போர்வையை இழுத்துவிட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். மறுநாள் முழுக்கச் சாப்பிடவில்லை. முத்துமாரி சொன்ன இடத்தை மட்டும் மறுபடி வாசிக்கச் சொன்னான். வாசித்தேன்.

இன்று காலை அதிகாரி வக்காலத்துத் தாளோடு வந்தார். யாரும் வற்புறுத்தவில்லை, யோசித்துச் சொல் என்றார். யோசித்துவிட்டேன் என்றான்.

இது நான் உங்களுக்கு எழுதும் கடைசிக் கடிதம். இந்த மாதம் எனக்கு விடுதலை. எனக்குப் பிறகு அவனுக்கு எழுதிக் கொடுக்க யார் இருப்பார்கள் என்று தெரியவில்லை. அதனால் பதில் வரவில்லை என்றால் தப்பாக நினைக்க வேண்டாம்.

ரேகை வைக்கும்போது விரல் நிற்கவில்லை. முதல் தாள் முழுக்க மை இழுகிவிட்டது. நான் பிடிக்கட்டுமா என்று போனேன். வேண்டாம் என்று தலையை அசைத்தான். இடது கையால் வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அவனேதான் வைத்தான். சரியாக விழுந்திருக்கிறது.

ரோச்